கரண்டில் கலப்படம்

"டக்."

பிரிட்டோ சட்டென்று கையைத் தூக்கினார்.

"லூசி, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. குக்கரு."

"குக்கர் இல்ல. பாட்டுல. பாப்பா தனியா பாடுற எடத்துல, அடியில டக்குனு ஒரு சத்தம். திரும்பப் போடறேன், வந்து கேளு."

லூசி கரண்டியும் கையுமாக வந்தாள். கூடத்தில் அவள் கணவர் துண்டை மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் முட்டி போட்டு, ஆளுயர ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு இருந்தார்.

"இன்னாங்க இது? கோயில்ல பூசை முடியற வரைக்கும் முட்டி போடுங்கன்னா கால் வலிக்குதும்பீங்க. இங்க காலையில இருந்து போட்டுக்கினு இருக்கீங்க."

"ஷ்ஷ். இப்ப வரும் பாரு. இதோ, டக். இதோ, இன்னொண்ணு."

லூசிக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போயிருக்கலாம். "ஆமா, இன்னாவோ கேக்குது" என்று சொல்லித் தொலைத்தாள். அந்த வீட்டுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

பிரிட்டோ பால் கூட்டுறவு சங்கத்தின் செயலாளர். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில், ஊர் முடிந்து மக்காச்சோளம் தொடங்கும் இடத்தில் அவர் வீடு. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் கேனைத் திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகைதான். திறந்த பிறகுதான் தெரியும். ஆனால் தெரிந்துவிட்டால் விடமாட்டார். எந்த மாடு, எந்த வீட்டுக் கிணறு என்பதுவரை போய் நின்றுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

இந்த 'டக்'கை அவர் விடாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அது உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரம் புரோட்டாக் கடை வைத்திருந்தது. பெயர் இன்னாசி, லூசியின் அண்ணன்.

பிரிட்டோவின் மகள் மெர்லின் பிளஸ் டூ முடித்தபோது, இன்னாசி யார் யாரையோ பிடித்து அவளுக்கு நர்சிங் சீட் வாங்கி வைத்திருந்தார். மெர்லின் தனக்குப் பாட்டுதான் வேண்டும் என்றாள். பிரிட்டோ மகள் பக்கம் நின்றார். மெர்லின் சென்னைக்கு இசை படிக்கப் போனாள். இன்னாசி மாதா கோயில் வாசலில், பூசை முடிந்து வெளியே வந்த அத்தனை பேர் முன்னாலும், "கல்யாண வூட்ல மைக் புடிக்கிறதுக்கா பொண்ணப் பெத்த?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். அப்புறம் தங்கை வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

இப்போது மெர்லின் ஒரு பக்திப் பாடல் தொகுப்பில் ஒரு பாட்டு பாடியிருக்கிறாள். முதல் பாட்டு. மாதா பாட்டு. அதை அப்பாவின் செல்போனுக்கு அனுப்பியிருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளே ஊருக்கு வருகிறாள். லூசி அழுது, மன்றாடி, அண்ணனையும் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வர ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள்.

மச்சான் வரவேண்டும். உட்காரவேண்டும். மகள் பாடியதைச் சுத்தமாகக் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, கோயில் வாசலில் சொன்ன வார்த்தையை அவராகவே விழுங்கவேண்டும். பிரிட்டோவுக்கு உலகத்தில் அதைத் தவிர வேறு ஆசை அப்போது இல்லை.

செல்போனில் போட்டால் எல்லார் குரலும் ஒரே குரல்தான். அதனால் பெரிய டிவி, ஆம்ப்ளிபயர், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் ஒன்று என்று ஸ்பீக்கர்கள், எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டார். பாட்டின் நடுவில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோய், மெர்லினின் குரல் மட்டும் தனியாக நாலு வரி வரும். முதல் முறை அந்த இடத்தைக் கேட்டபோது பிரிட்டோ அழுதுவிட்டார். இரண்டாவது முறை கேட்டபோதுதான் 'டக்' கேட்டது.

"செல்லுல இந்தச் சத்தம் கெடையாது. செட்ல போட்டா வருது. அப்ப செட்டுக்குள்ள எதுவோ பூருது," என்றார்.

"வேற பாட்டு போட்டுப் பாருங்களேன்."

போட்டுப் பார்த்தார். மற்ற பாட்டுகளில் டிரம்ஸும் தவிலும் போட்ட போட்டில் 'டக்' என்ன, இடி விழுந்தாலும் கேட்டிருக்காது. செய்தி போட்டார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் ஸ்பீக்கரில் காதை வைத்தார். பாட்டு ஓடாவிட்டால் செட் தானாகவே கம்மென்று ஆகிவிடும். அது அதனுடைய வசதியாம். ஆக, திருடன் வெளியே தலைகாட்டுகிற ஒரே இடம் மகள் தனியாகப் பாடுகிற அந்த நாலு வரிதான்.

பிரிட்டோ ஜன்னல் வழியாக டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார். அந்த ஒரு டிரான்ஸ்பார்மரில்தான் சுற்றுவட்டார மோட்டார் அத்தனையும். மும்முனைக் கரண்ட் இல்லாத நேரத்திலும் கெப்பாசிட்டர் போட்டு மோட்டாரை ஓட்டுகிற ஊர் அது.

"லூசி, கண்டுபுடிச்சிட்டேன். கரண்டுல கலப்படம்."

"லாக்டோமீட்டர வுட்டுப் பாருங்க, எவ்ளோ தண்ணின்னு தெரிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு லூசி அடுப்பங்கரைக்குப் போனாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் வெற்றிவேலிடம் ஒரு விசேஷம் உண்டு. எதைக் கேட்டாலும் தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது. நல்ல மனுஷன். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நினைப்பதில்லை. பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

"டக்குனு வந்தா வோல்டேஜ் சார். ஞொய்ய்னு வந்தா எர்த்து. ரெண்டும் சேந்து வந்தா வாஸ்து," என்றார்.

"நாங்க வாஸ்து பாக்கறதில்ல."

"அப்ப வோல்டேஜ்தான். ஒரு ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்க. பத்தலன்னா எடுத்தாந்து குடுங்க, மாத்தித் தரேன்."

ஸ்டெபிலைசர் வந்தது. பக்கத்துக் கொல்லை சுப்புராயன் மோட்டார் போடும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கும். இறங்கும்போதெல்லாம் ஸ்டெபிலைசர் தன் கடமையைச் செய்யும். செய்யும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். இப்போது பாட்டுக்குள்ளே டக். பாட்டுக்கு வெளியே டொக்.

"முன்னாடி ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதுக்கு ஜோடி வாங்கியாந்துட்டீங்க," என்றாள் லூசி.

மறுநாள் வெற்றிவேலே யூபிஎஸ் ஒன்றைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கும் இந்த விஷயத்தில் ஒரு ஆர்வம் பிறந்திருந்தது. ஸ்டெபிலைசரை எடுத்துவிட்டு யூபிஎஸ்ஸை மாட்டினார். மாட்டியதும் அதற்குள் ஒரு விசிறி கொர்ரென்று சுற்றத் தொடங்கியது. இருவரும் அக்கம்பக்கமாக முட்டி போட்டுக்கொண்டார்கள்.

"இப்ப வரும் பாருங்க வெற்றிவேல். இதோ."

"ஆமா சார்! சூப்பரா கேக்குது!"

"எனக்குக் கேக்கக் கூடாதுங்க."

"அதுவும் சரிதான் சார்."

அதற்குள் கரண்ட் போனது. யூபிஎஸ் வீடே பற்றி எரிவதுபோல் கீங் கீங் என்று கூவியது. தொழுவத்தில் இருந்த கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்துக் கட்டிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்ற லூசி யூபிஎஸ்ஸைப் பார்த்தாள். பிறகு வெற்றிவேலைப் பார்த்தாள். அவர் அவசரமாக, "எர்த்து சார். எர்த்து சரியில்ல," என்றார்.

எர்த் போடுவதற்கு ஈரமான இடம் வேண்டும். அப்படி ஈரமான இடம் அங்கே ஒன்றுதான் இருந்தது: கொல்லையின் கோடியில், சுப்புராயனின் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம். பிரிட்டோ ஆள் வைத்து ஆழமாகப் பள்ளம் தோண்டி, கம்பி இறக்கி, கல்லுப்பும் அடுப்புக்கரியுமாக மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். தினமும் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வெற்றிவேல் சொல்லியிருந்தார். அந்த வேலை யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உப்பு வாசம் எப்படித்தான் தெரிந்ததோ, மறுநாள் காலையில் சுப்புராயன் வீட்டு வெள்ளாடுகள் மொத்தமும் அந்த இடத்தில் நின்று மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. விரட்டினால் போய்விட்டுத் திரும்பி வந்தன. பிரிட்டோ பாட்டைப் போட்டார். டக் இருந்தது; கூடவே ஆடும் கத்தியது.

"சனிக்கிழமைக்குள்ள இத முடிங்க. இல்லன்னா அண்ணன் வர அன்னிக்கு அந்தச் செட்டு மேல பெட்ஷீட்டப் போட்டு மூடிருவேன்," என்றாள் லூசி. அவள் குரலில் சிரிப்பு இல்லை. அண்ணன் வந்து, இதையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டால் அப்புறம் அந்த வீட்டு உறவு அவ்வளவுதான் என்று அவளுக்குப் பயம்.

பிரிட்டோ மறுபடி கள்ளக்குறிச்சிக்குப் போனார். வெற்றிவேல் குரலைத் தாழ்த்தி, "சார், இதுக்கு மேல ஒண்ணுதான் இருக்கு. பவர் கண்டிஷனர்," என்றார். தன்னுடைய போனில் இரண்டு படங்களைக் காட்டினார்.

"இந்தச் சின்னது இருக்கே, கரண்ட வடிகட்டும். அவ்ளோதான். இந்தப் பெருசு, வர்ற கரண்ட மொத்தமா உள்ள வாங்கி, பிரிச்சு, புதுசா கரண்டு செஞ்சு குடுக்கும்."

"பால பவுடராக்கி, மறுபடி தண்ணி ஊத்திப் பாலாக்குவாங்களே, அந்த மாதிரியா?"

"அதேதான் சார்! கரெக்டா புடிச்சீங்க."

"அப்ப ருசி மாறுமே."

வெற்றிவேல் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "கரண்டுக்கு ருசி கெடையாது சார்," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"சின்னது வடிகட்டுதுன்னா எத வடிகட்டுது, எவ்ளோ வடிகட்டுதுன்னு தெரியுமா?"

"வெளிய காட்டாது சார். உள்ளுக்குள்ளயே நடக்கும்."

"பெருசு?"

"முன்னாடி மீட்டர் இருக்கு. வர்ற கரண்டுல இவ்ளோ அழுக்கு, போற கரண்டுல இவ்ளோ அழுக்குன்னு காட்டும்."

அங்கேயே முடிவாகிவிட்டது. வேலை செய்கிறதோ இல்லையோ, கலப்படத்தை எண்ணில் காட்டுகிற ஒரு கருவியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வர பால் சங்கச் செயலாளரால் முடியாது.

பெட்டி சென்னையிலிருந்து வந்து இறங்கியது. தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. யூபிஎஸ்ஸை எடுத்துவிட்டு அதை மாட்டியதும் அதன் முகத்தில் நீல எழுத்தில் எண்கள் ஓடின. உள்ளே வரும் கரண்டில் அழுக்கு இருந்தது. நிறையவே இருந்தது. சுப்புராயன் மோட்டார் போட்டபோது இன்னும் ஏறியது. பிரிட்டோவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தியா லூசி! நான் சொன்னனா இல்லியா! இவ்ளோ அழுக்கத்தான் இத்தினி நாளு நாம மின்சாரம்னு நெனச்சிக்கினு இருந்தோம்!"

ஊரே வந்து பார்த்தது. சுப்புராயன் மனைவி பெரியநாயகி பெட்டிக்கு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையைத் தளர்த்தி விட்டுக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தாள்.

"கண்டிஷனர்னு சொன்னாங்க, காத்தே வரலியே லூசி? கேஸு போட்டீங்களா?"

"இது கரண்டுக்குப் போடுற ஏசிங்கக்கா."

"ஓகோ, மனுசனுக்கு இல்லியா," என்று எழுந்து போனாள்.

எல்லாரும் போன பிறகு பிரிட்டோ பாட்டைப் போட்டார். பெட்டியின் பெருமையைக் குறை சொல்ல முடியாது. இரைச்சல் என்று ஒரு துளி இல்லை. வீடு அப்படி அடங்கிவிட்டது. வாத்தியங்கள் ஓய்ந்தன. மெர்லினின் குரல் எழுந்தது. அவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது.

டக்.

முன்பெல்லாம் அது தூரத்தில் எங்கோ யாரோ விரல் சொடுக்குவதுபோல் இருக்கும். இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொடுக்கியது. மற்ற அழுக்கெல்லாம் போனதும் இது மட்டும் பளிச்சென்று, தனியாக, தெளிவாக நின்றது.

பிரிட்டோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம்கூட வரவில்லை. இது என்னதான் என்று தெரிந்துகொள்ளாமல் செத்துப்போகக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

மறுநாள், சனிக்கிழமை. லூசி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டதால் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற அவரே குடத்தோடு போனார். ஆடுகளை விரட்டினார். ஊற்றினார். நிமிர்ந்தார். எதிரே சுப்புராயனின் சோளக் கொல்லையைச் சுற்றி ஓடும், தொட்டால் ஷாக் அடிக்கும் சோலார் வேலியின் கம்பமும், அதில் மாட்டியிருந்த சின்னப் பெட்டியும். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. மினுக்கும்போதெல்லாம் உள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்.

நாள்தோறும் காதில் விழுந்து பழகிப்போன சத்தம். அதனாலேயே இதுவரை காதில் விழாத சத்தம். பிரிட்டோ குடத்தைக் கீழே வைத்தார். மகள் பாடிய நாலு வரியை வாய்க்குள் முனகினார். அவள் இழுத்த இழுப்புக்கும் பெட்டி தட்டிய தட்டுக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயிற்று. போதாக்குறைக்குத் தன் எர்த் கம்பியைக் கொண்டுவந்து அந்தப் பெட்டிக்குக் கீழேயே புதைத்திருந்தார்.

"சுப்புராயண்ணே! சுப்புராயண்ணே!"

சுப்புராயன் வரப்பிலிருந்து ஓடிவந்தார். பாம்பு என்று நினைத்துக் கையில் தடி.

"அண்ணே, இந்த வேலிய நாளைக்குக் கொஞ்ச நேரம் நிறுத்தணும்."

"வெளையாடுறியா பிரிட்டோ? ராத்திரியில பன்னி, பகல்ல கொரங்கு. மலையில இருந்து கும்பலா எறங்கிக்கினு இருக்குது. கதிரு பால் புடிக்கிற நேரம். நிறுத்துனா ஒண்ணு வுடாது."

"பாட்டு ஓடுற நேரம் மட்டுந்தாண்ணே. மச்சான் வராரு. மெர்லின் பாடுன பாட்டக் கேக்கறதுக்கு."

சுப்புராயன் தடியை இறக்கினார்.

"நம்ம பாப்பா பாடுன பாட்டா? டிவியில வருதா?"

"செட்ல போடறேண்ணே."

"அத மொதல்லயே சொல்றதில்ல? நாளைக்கு நிறுத்திப்புட்டு நானும் வரேன், எம் பொண்டாட்டியும் வரட்டும். அவகிட்ட ஏன் சொல்லல நீ?"

அந்த நல்ல மனசுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கொல்லையைப் பார்த்துக்கொள்ள ஒருவராவது வேண்டாமா என்று இருவரில் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னாசி காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சு இல்லாத முகம். லூசி கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார்.

"பாப்பா எங்க?"

"சென்னையில இருந்து வந்துக்கினு இருக்காண்ணே. கள்ளக்குறிச்சியில பஸ் மாறிட்டாளாம்."

"ம்" என்றார். உட்கார்ந்தார். நீல எழுத்து ஓடும் பெட்டியைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுப்புராயன் வேலியை நிறுத்திவிட்டு, தலையைத் துவட்டி விபூதி பூசிக்கொண்டு வந்தார். பெரியநாயகி பட்டுப் புடவையில் வந்தாள். வெற்றிவேலும் கடையை மூடிவிட்டு வந்துவிட்டார். அவருக்கு 'டக்' என்ன ஆகிறதென்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பிரிட்டோ ரிமோட்டை அழுத்தினார்.

பாட்டு வந்தது. வயலின், அப்புறம் மணி, அப்புறம் மெர்லின். பெரியநாயகி "நம்ம புள்ளதானா இது?" என்று லூசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னாசி நிமிர்ந்து உட்கார்ந்தார். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நாலு வரி. குரல் மட்டும்.

பிரிட்டோ மூச்சை அடக்கிக்கொண்டார்.

டக்.

அவர் மனசு விட்டுப்போயிற்று. ரிமோட்டை அழுத்திப் பாட்டை நிறுத்தினார்.

"அண்ணே, வேலிய நிறுத்துனீங்களா இல்லியா?"

"நிறுத்துனம்பா! என் கையாலயே நிறுத்துனேன்!"

"அப்ப இது எங்க இருந்து வருது?"

பிரிட்டோ பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்கு ஓடினார். சுப்புராயன் பின்னால் ஓடினார். வேலி நின்றுதான் இருந்தது. கம்பிமேல் வரிசையாகக் குரங்குகள் உட்கார்ந்து சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தன. உள்ளே இன்னும் எத்தனை என்று தெரியவில்லை. கொல்லை முழுக்க அசைந்துகொண்டிருந்தது.

"போச்சுடா!" என்று சுப்புராயன் துண்டைச் சுழற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். வெற்றிவேல் கல் எடுத்தார். பெரியநாயகி பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குரங்குகளாலேயே காதில் வாங்க முடியாத வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டு ஓடினாள். விரட்டப்பட்ட குரங்குகளில் பாதி மலைப்பக்கம் போயின. மீதி, திறந்து கிடந்த கதவைப் பார்த்தன.

சோற்றைக் காப்பாற்ற லூசி அடுப்பங்கரைக்கு ஓடியிருந்தாள்; கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த இன்னாசிக்கு முன்னால் ஒரு பெரிய கடுவன் குரங்கு வந்து நின்றது. சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்தது. உட்கார இடம் தேடியது. வெதுவெதுவென்று இருந்த பவர் கண்டிஷனரைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து பழம் உரித்தது. குனிந்து மீட்டரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டது.

இன்னாசி முக்காலியைத் தூக்கினார். குரங்கு தாவியது. தாவும்போது அதன் காலில் மாட்டிய ஒயர்கள் மொத்தமும் கூடவே வந்தன. நீல எழுத்து அணைந்தது. ஒரு ஸ்பீக்கர் சாய்ந்தது. வீட்டில் சத்தம் என்பதே இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் முன்வாசலில் பையோடு மெர்லின் வந்து நின்றாள்.

"இன்னாம்மா இது?"

லூசி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிரிட்டோ சேற்றுக் காலோடு உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார், சாய்ந்து கிடந்த செட்டைப் பார்த்தார், மச்சானைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"மன்னிச்சிக்கம்மா. உம் பாட்ட ஒரே ஒரு வாட்டி சுத்தமா கேக்க வெக்கணும்னு பாத்தேன். முடியல."

"மாப்ள, நடுவுல ஏன் நிறுத்துன நீ?" என்றார் இன்னாசி. "நல்ல எடத்துல நிறுத்திப்புட்டுக் கொல்லைக்கு ஓடுற. செட்டு கெடக்குது வுடு. பாப்பா, அந்த எடத்துல இருந்து நீயே பாடு. மாமா கேக்கறேன்."

மெர்லின் பையைக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே அந்த நாலு வரியைப் பாடினாள். கதிரும் கையுமாக வந்த சுப்புராயன் வாசலிலேயே நின்றுவிட்டார். பாடி முடித்தபோது இன்னாசி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நர்சுக்குப் படிக்க ஊர்ல ஆயிரம் பேரு இருக்காங்க," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "லூசி, சோத்தப் போடு. எல்லாரும் உக்காருங்க."

லூசி அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் பிரிட்டோவின் முகத்தில் வேறொரு வெளிச்சம் வந்திருந்தது. அவர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"கவனிச்சீங்களா? டக்கே இல்ல! ஒயரு புடுங்கியாச்சு, கரண்டு இல்ல, டக்கும் இல்ல! நான் மொதல்ல சொன்னதுதான். கலப்படம் கரண்டுலதான்! வெற்றிவேல், இதவிடப் பெரிய பொட்டி ஒண்ணு இருக்குதா பாருங்க!"

"விசாரிக்கிறேன் சார்!" என்றார் வெற்றிவேல்.

"எந்த டக்குப்பா?" என்று மெர்லின் கேட்டாள்.

பிரிட்டோ விரலை மடக்கிக் கதவில் தட்டிக் காட்டினார். டக். டக். டக். மெர்லின் அந்தத் தட்டையே பார்த்தாள். மெல்ல அவள் கை வாயைப் பொத்தியது.

"ஐயோ அப்பா, அது கரண்டு இல்ல, தாளம் தப்பாம பாடறதுக்காக என் காதுல மாட்டுன ஹெட்போன்ல டக்கு டக்குனு ஒண்ணு ஓட வுட்டாங்க, அதான் கசிஞ்சு மைக்ல ஏறிக்கிச்சு போல, ஸ்டுடியோல அத்தினி பேருல ஒருத்தர் காதுலயும் வுழல, உனக்கு மட்டும் எப்பிடிப்பா கேட்டுச்சு?"